டெர்மினல் பழக எதை மனப்பாடம் செய்ய வேண்டும்?

போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்டூடியோ கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. ஒரு ஃபோல்டரில் சில ஆயிரம் படங்கள் கேமரா வைத்த பெயரிலேயே கிடக்கின்றன, எல்லாவற்றின் பெயரையும் மாற்ற வேண்டும். டெர்மினலில் ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று நண்பர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திறந்து பார்த்தால் கறுப்புத் திரையும் மினுக்கும் கோடும்தான். இதற்கு எத்தனை கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டும், தப்பாக எதையாவது தட்டிவிட்டால் படங்கள் போய்விடுமா என்பது அவர் கேள்வி. இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எண்டர் தட்டும் முன்பே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு.

சர்வர் பராமரிப்பும், புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் பல வருடங்களாக என் வேலை. கட்டளை தெரியாமல் திணறுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டளையை யாரிடமாவது கேட்டு வாங்கிவிடலாம். தாங்கள் தட்டிய வரிக்கும் நடந்த காரியத்துக்கும் நடுவில் ஷெல் என்று ஒன்று உட்கார்ந்து வரியை மாற்றுகிறது என்பது தெரியாமல்தான் பலரும் திணறுகிறார்கள். அதனால் கட்டளைப் பட்டியல் தராமல் ஷெல்லைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள், ஃபைல் பெயர்களை மட்டும் அவை இருக்கிறபடியே தட்டுங்கள்.

டெர்மினல் என்பது அந்த ஜன்னல் மட்டும்தான். அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஷெல். உபுண்டுவில் அதன் பெயர் பாஷ். நீங்கள் தட்டும் வரியைப் படித்து, சொற்களாகப் பிரித்து, சில குறிகளை விரித்து, அப்புறம் உரிய புரோகிராமைக் கூப்பிட்டு வேலை வாங்குவது அதுதான். 'எல்எஸ்', 'சிபி' போன்றவை ஒவ்வொன்றும் தனித்தனி சின்னப் புரோகிராம்கள். பெயர்கள் ஏன் இப்படி இரண்டெழுத்தில் இருக்கின்றன என்று எல்லோரும் கேட்பார்கள். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை எழுதத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தது திரை இல்லை, டெலிடைப். மாடல் 33 என்ற டெலிடைப் வினாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும், அதுவும் காகிதத்தில். அப்படிப்பட்ட இயந்திரத்தில் குறைவாகத் தட்டுவதும் குறைவாகப் பதில் சொல்வதும் லாபம். அந்தப் பழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. வேலை நன்றாக முடிந்தால் பெரும்பாலான கட்டளைகள் ஒன்றுமே சொல்லாது, அடுத்த வரி வந்து நிற்கும். புதியவர்கள் இதைப் பார்த்து 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று அதே கட்டளையை மறுபடி தட்டுவார்கள். வேண்டாம், பேசாமல் இருந்தால் முடிந்துவிட்டது என்று பொருள்.

முதலில் பார்க்க வேண்டியது மினுக்கும் கோட்டுக்கு முன்னால் எழுதியிருப்பதை. அதுதான் ப்ராம்ப்ட். உபுண்டுவில் உங்கள் பெயர், கணினியின் பெயர், நீங்கள் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்பது, கடைசியில் டாலர் குறி என்று இருக்கும். டாலருக்குப் பதில் # இருந்தால் நீங்கள் ரூட், அதாவது எதையும் அழிக்கக்கூடிய அதிகாரத்தோடு இருக்கிறீர்கள். '~' இருந்தால் உங்கள் சொந்த ஹோம் ஃபோல்டர். டெர்மினலில் எப்போதும் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள்தான் நிற்பீர்கள். முழுப் பாதை கொடுக்காமல் தட்டும் ஃபைல் பெயர்கள் எல்லாம் அந்த இடத்தைப் பொறுத்தவை. 'பிடபிள்யூடி' என்று தட்டினால் நிற்கும் இடத்தின் முழுப் பாதையும் வரும், 'எல்எஸ்' அங்கே என்ன இருக்கிறது என்று காட்டும், 'சிடி' வேறு இடத்துக்குக் கூட்டிப்போகும். 'சிடி ..' என்றால் ஒரு படி மேலே. முதல் வாரத்துக்கு இந்த மூன்றும் போதும், இவை மூன்றும் எதையும் அழிக்காது.

ப்ராம்ப்ட்டைப் படிப்பது புதியவர்களுக்கான பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், மாற்றுப் பிரதி இருக்கும் சர்வரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையான டேட்டாபேஸ் இருந்த சர்வரில் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. எடுத்துவைத்த பேக்கப்களும் சரியாக வேலை செய்யாததால் ஏறக்குறைய ஆறு மணி நேரத் தகவல் திரும்பவே இல்லை. அந்த நிறுவனமே இதை ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டது. அவர் தட்டிய கட்டளையில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை, தட்டிய இடம்தான் தவறு.

அடுத்தது ஒரு வரியின் அமைப்பு. முதல் சொல் கட்டளை, ஹைஃபனில் தொடங்குபவை அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆப்ஷன்கள், மீதி எதன் மீது செய்ய வேண்டும் என்பது. 'எல்எஸ் -எல் பிக்சர்ஸ்' என்றால் பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருப்பதை விவரமாகக் காட்டு. இதில் கவனிக்க வேண்டியது இடைவெளி. ஷெல்லுக்கு இடைவெளி என்றால் ஒரு சொல் முடிந்தது என்று பொருள். ஃபோல்டருக்கு 'கல்யாணம் மே' என்று பெயர் வைத்திருந்து, 'சிடி கல்யாணம் மே' என்று தட்டினால், இரண்டு பெயர் கொடுத்திருக்கிறீர்களே என்று பாஷ் மறுத்துவிடும். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். அதைவிட எளிது, பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு டேப் கீயை அழுத்துவது. மீதிப் பெயரை ஷெல்லே எழுதி, இடைவெளியையும் பார்த்துக்கொள்ளும். நேரம் மிச்சமாகிறது என்று டேப் கீயைப் புகழ்வார்கள், எனக்கு அது பெரிய விஷயமில்லை. அது ஒரு சோதனை. டேப் அழுத்தியும் பெயர் பூர்த்தியாகவில்லை என்றால், அந்தப் பெயரில் அங்கே ஒன்றும் இல்லை, அல்லது ஒரே மாதிரித் தொடங்கும் பெயர்கள் பல இருக்கின்றன. இரண்டாம் முறை அழுத்தினால் எது என்று தெரிந்துவிடும். எண்டர் தட்டும் முன்பே ஷெல் பதில் சொல்லும் முதல் இடம் இது.

இரண்டாவது, நட்சத்திரக் குறி. எல்லாவற்றையும்விட இதைப் புரிந்துகொள்வது முக்கியம். '*.ஜேபிஜி' என்று தட்டினால், 'எல்லா ஜேபிஜியும்' என்ற கருத்து அந்தக் கட்டளைக்குப் போவதில்லை. ஷெல் அந்த ஃபோல்டரைப் பார்த்து, பொருந்தும் ஒவ்வொரு பெயரையும் வரிசையாக எழுதி, அந்த நீண்ட வரியைத்தான் கட்டளையிடம் கொடுக்கிறது. கட்டளை நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. இப்போது இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்: 'ஆர்எம் பழைய*', 'ஆர்எம் பழைய *'. ஆர்எம் என்பது அழிக்கும் கட்டளை. முதல் வரி 'பழைய' என்று தொடங்கும் ஃபைல்களை மட்டும் அழிக்கும். இரண்டாவதில் ஓர் இடைவெளி கூடுதல். அங்கே நட்சத்திரம் தனிச் சொல்லாகிவிட்டது, அந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லா ஃபைல் பெயராகவும் விரிந்துவிடும். ஆர்எம் அழித்தது எதுவும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். அண்டூ கிடையாது.

இதற்குத்தான் 'எக்கோ' என்ற கட்டளையைச் சொல்லித்தருவேன். கொடுத்த சொற்களை அப்படியே திரையில் எழுதுவது மட்டும்தான் அதன் வேலை, எதையும் தொடாது. சந்தேகமான எந்த வரிக்கும் முன்னால் எக்கோ என்று சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். 'எக்கோ ஆர்எம் பழைய *' என்று தட்டினால், ஷெல் விரித்த பிறகு அந்த வரி எப்படி இருக்கும் என்று முழுவதும் திரையில் வரும். கல்யாண ஆல்பம் முழுக்க அந்த வரியில் நிற்பதை அழியும் முன் பார்த்துவிடலாம். இதில் ஒன்று மட்டும் கவனம்: வரியில் '>' குறியோ '|' குறியோ இருந்தால் முன்னால் எக்கோ சேர்ப்பது காப்பாற்றாது. அந்தக் குறிகளை ஷெல் அப்போதும் நிறைவேற்றும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் 'சிபி -ஆர்' என்று தட்டி, ஃபோல்டர் பெயரையும் புதுப் பெயர் ஒன்றையும் கொடுத்து முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள். பழகுவதெல்லாம் நகலில்தான். பெயர் மாற்ற 'எம்வி' இருக்கிறது, ஆனால் அது ஒரு ஃபைலுக்குச் சரி, ஆயிரத்துக்கு வசதிப்படாது. தவிர, புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தால் எம்வி கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். 'எம்வி -ஐ' என்று தட்டினால் கேட்கும். மொத்தமாக மாற்ற 'ரீநேம்' நல்லது. உபுண்டுவில் அது இல்லையென்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ரீநேம்' (sudo apt install rename) என்று தட்டி நிறுவிக்கொள்ளலாம். சூடோ என்றால் அந்த ஒரு வரியை மட்டும் ரூட் அதிகாரத்தோடு செய் என்று அர்த்தம், அதனால் பாஸ்வேர்டு கேட்கும். பல பதிப்புகளில் தட்டும்போது புள்ளிகூடத் திரையில் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயந்து ஜன்னலை மூடியவர்கள் உண்டு, நீங்கள் முழுவதும் தட்டி எண்டர் அழுத்துங்கள், அது வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கேமரா வைத்த பெயர் டிஎஸ்சி என்று பெரிய எழுத்தில் தொடங்குகிறது, அதைக் கோவில் என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிடி போட்டு நகல் ஃபோல்டருக்குள் போய், ரீநேம் -என் 'எஸ்/டிஎஸ்சி/கோவில்/' *.ஜேபிஜி (rename -n 's/DSC/kovil/' *.jpg) என்று தட்டுங்கள். மேற்கோளுக்குள் இருப்பது 'இதை எடுத்துவிட்டு அதை வை' என்பது. மேற்கோள் எதற்கென்றால், அந்தப் பகுதியில் ஷெல் கை வைக்கக் கூடாது, அப்படியே ரீநேமிடம் போக வேண்டும். '-என்' தான் இதில் உங்களுக்கு முக்கியம். எதையும் மாற்றாமல், எந்தப் பெயர் எதுவாக மாறும் என்ற பட்டியலை மட்டும் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் மேல் அம்பை அழுத்தி அதே வரியை வரவழைத்து, -என் என்பதை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். புதுப் பெயரில் ஏற்கெனவே படம் இருந்தால் இந்த ரீநேம் அதைத் தொடாமல் விட்டுவிட்டுச் சொல்லும். எம்வியைவிட இதை நான் நம்புவது அதனால்தான்.

ஒருவேளை பட்டியலில் ஒன்றுமே வராமல் போனால் பயப்பட வேண்டாம். பல கேமராக்கள் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் வைக்கும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. நீங்கள் சின்ன எழுத்தில் தட்டினால் ஒன்றும் பொருந்தாது. பொருந்தாதபோது பாஷ் நட்சத்திரத்தை விரிக்காமல் அப்படியே அனுப்பிவிடும். எல்எஸ் போன்ற கட்டளை நட்சத்திரத்தோடு கூடிய அந்தப் பெயரில் ஒரு ஃபைலைத் தேடி இல்லை என்று சொல்லும், ரீநேம் மாற்ற ஒன்றுமில்லை என்று பேசாமல் முடித்துவிடும். மேக்கில் 2019-லிருந்து இயல்பாக வரும் ஜிஷெல் இப்படிச் செய்யாது, பொருந்தவில்லை என்று தானே சொல்லி நிறுத்திவிடும்.

மூன்றாவது, '>' குறி. திரையில் வர வேண்டியதை ஃபைலில் எழுது என்பது இதன் பொருள். 'எல்எஸ் > பட்டியல்' என்றால் படங்களின் பெயர்ப் பட்டியல் ஒரு ஃபைலில் வந்துவிடும், வாடிக்கையாளருக்கு அனுப்ப வசதி. ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் அதைக் காலி செய்துவிட்டுத்தான் எழுதும். பழையதற்குக் கீழே சேர்க்க '>>' போட வேண்டும். இதில் பழகியவர்களும் விழும் குழி ஒன்று உண்டு. பெயர்கள் என்ற ஃபைலை அகர வரிசைப்படுத்தி அதிலேயே சேமிக்கலாம் என்று 'சார்ட் (sort) பெயர்கள் > பெயர்கள்' என்று தட்டுவார்கள். மிஞ்சுவது காலி ஃபைல். சார்ட் அதைப் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் '>' குறியைப் பார்த்து அந்த ஃபைலைத் திறந்து காலி செய்துவிட்டது. சார்ட்டின் மேல் தப்பில்லை, அதற்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. வரியை இடமிருந்து வலமாக நாம் படிக்கிறோம். ஷெல்லுக்கு முதலில் மேடையைத் தயார் செய்வது, அப்புறம்தான் கட்டளையைக் கூப்பிடுவது. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் டெர்மினலில் விசித்திரமாகத் தோன்றும் பாதி விஷயங்கள் விசித்திரமாகத் தோன்றாது.

'|' குறிக்குப் பைப் என்று பெயர். ஒரு கட்டளை வெளியே தள்ளுவதை அடுத்ததற்கு உள்ளே கொடுக்கும். இப்படிப் புரோகிராம்களை இணைக்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964-லேயே எழுதிவைத்தார், யூனிக்ஸில் அது வந்தது 1973-ல். எண்ணுவதற்கு ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று, தேட ஒன்று என்று சின்னச் சின்னப் புரோகிராம்களை வைத்துக்கொண்டு தேவைக்கு ஏற்றபடி கோத்துக்கொள்ளலாம் என்பதுதான் டெர்மினலின் உண்மையான பலம் என்று நான் நினைக்கிறேன். 'எல்எஸ் | டபிள்யூசி -எல்' என்று தட்டிப் பாருங்கள். எல்எஸ் பெயர்களைக் கொடுக்கும், டபிள்யூசி அவற்றை எண்ணும், ஃபோல்டரில் எத்தனை படம் என்று ஒரே எண் வரும். பெயர் மாற்றும் முன்பும் பின்பும் இந்த எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எந்தப் படமும் தொலையவில்லை.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கலாமா என்று அடுத்து நிச்சயம் கேட்பீர்கள். வைக்கலாம், லினக்ஸுக்கு அதில் தடையில்லை. ஆனால் டெர்மினலில் கொம்பும் புள்ளியும் எழுத்தை விட்டு விலகித் தெரியலாம். பல டெர்மினல்கள் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் அடைப்பதால் வரும் கோளாறு அது, ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 'எக்கோ தமிழ் | டபிள்யூசி -சி' என்று தட்டினால் 16 வரும், '-எம்' என்று மாற்றினால் 6 வரும். நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்றால் 15. எக்கோ கடைசியில் சேர்க்கும் வரி முடிவுக் குறி இரண்டு கணக்கிலும் ஒன்று கூட்டுகிறது. அதேபோல யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. யூனிகோடு எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தும் அமைப்பில் நம் அகர வரிசை வராது. அதனால் வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றைத் தமிழில் வரிசைப்படுத்தினால் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். படங்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்களுமாக, இடைவெளி இல்லாமல், பெயர் வைப்பதே என் யோசனை. எண்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து 0001 என்று வைத்தால் வரிசையும் கெடாது.

ஏதாவது ஓடிக்கொண்டே இருந்து நிறுத்த வேண்டுமானால் கண்ட்ரோல்-சி. அதுவரை செய்ததை அது திருப்பித் தராது, மேற்கொண்டு நடப்பதை நிறுத்தும். திரை உறைந்து எதைத் தட்டினாலும் தெரியவில்லை என்றால், தெரியாமல் கண்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீர்கள், கண்ட்ரோல்-க்யூ விடுவிக்கும். ப்ராம்ப்ட் வராமல் '>' மட்டும் வந்து நின்றால் ஒரு மேற்கோளைத் திறந்து மூடாமல் விட்டிருக்கிறீர்கள், அதற்கும் கண்ட்ரோல்-சி போதும். பெரும்பாலான கட்டளைகளுக்கு விளக்கம் 'மேன்' என்று தட்டி அதன் பெயரைக் கொடுத்தால் வரும், வெளியே வர க்யூ. நான் இன்றும் தினமும் மேன் பக்கம் பார்க்கிறேன். மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று தைரியமாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே எழுதியதில் எது எல்லா இடத்துக்கும் பொருந்தும், எது மாறும் என்றும் சொல்லிவிட வேண்டும். நிற்கும் இடம், இடைவெளி, நட்சத்திரத்தை ஷெல் விரிப்பது, '>' முதலில் காலி செய்வது, பைப் ஆகியவை லினக்ஸ், மேக் இரண்டிலும் ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கட்டளைகளின் ஆப்ஷன்கள் அப்படியில்லை. மேக்கில் உள்ளவை வேறு வம்சத்தில் வந்தவை, சில ஆப்ஷன்கள் வேறு மாதிரி நடக்கும். ரீநேம் இன்னும் மோசம். உபுண்டுவில் இருப்பதும் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் இருப்பதும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு புரோகிராம்கள், நான் மேலே எழுதிய வரி உபுண்டுவுக்கு மட்டும். இணையத்தில் கிடைக்கும் வரிகளை ஒட்டும்போது இதனாலேயே நிறையப் பேர் சிக்குகிறார்கள். சூடோ என்று தொடங்கும் வரியையும், ஏதோ ஒன்றை டவுன்லோடு செய்து பைப் வழியாக நேராக ஷெல்லுக்குள் தள்ளும் வரியையும், அதில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஓட்டாதீர்கள். விண்டோஸில் என் பழக்கம் குறைவு. பவர்ஷெல்லில் எல்எஸ், சிடி, ஆர்எம் என்ற பெயர்கள் வேலை செய்யும், ஆனால் உள்ளே இருப்பவை வேறு கட்டளைகள், '-எல்' போன்ற ஆப்ஷன்களை அவை ஏற்காது. அங்கே பைப் வழியாகப் போவதும் வெறும் எழுத்துகள் இல்லை. விண்டோஸ் கணினியில் செய்வதாக இருந்தால் அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நகல் ஃபோல்டரில் ரீநேம் -என் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் ஏதாவது பெயர் எதிர்பார்த்தபடி இல்லையென்றால், அந்த ஒரு வரியையும் நீங்கள் தட்டிய கட்டளையையும் அப்படியே எழுதுங்கள், என்ன மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.